வாசப்படியில் நின்று ஊது

மாடக்கண்ணு வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்குள் போகமாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசப்படிக்குக் கீழேயே நிற்பான். சண்முகத்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் நிற்பாள். அவன் முகத்தை நிமிர்த்தி, அவள் மூக்குக்கு நேராக ஒரு மூச்சு ஊதுவான். பீடி வாடை வரும். மத்தியானம் கடித்துக்கொண்ட வெங்காயம் வரும். கருப்பட்டி வரும். அதற்கு மேல் எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் அவள் நிலையை விட்டு விலகுவாள். அவன் உள்ளே வந்து சட்டையைக் கழற்றுவான். இவ்வளவுக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

பொங்கல் கழிந்து மறுவாரம் தொடங்கிய பழக்கம். எதிர்வீட்டுக் கிருபைக்கு விஷயம் தெரியாது. "என்னளா சம்முவம், ஒம் புருசனுக்கு வீட்டுக்குள்ள வாரதுக்குள்ள பொறுக்கலியோ, வாசல்லயே மூஞ்சிய நீட்டுதாரு" என்று குழாயடியில் வைத்துக் கேட்டாள். நாலு பெண்கள் சிரித்தார்கள். சண்முகத்தாயும் சிரித்துவைத்தாள். அவர்கள் அப்படி நினைத்துக்கொள்வதே நல்லது என்று விட்டுவிட்டாள்.

தெரு கிழக்கு மேற்காகக் கிடந்தது. மேற்குக் கோடியில் தண்ணீர்க் குழாய். கிழக்குக் கோடியில், கடற்கரைச் சாலையில் ஏறுகிற முக்கில், சாராயக்கடை. சர்க்கார் திறந்துவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. துறைமுகத்திலிருந்து வருகிற எவனும் அந்த முக்கைத் தாண்டாமல் வீட்டுக்கு வரமுடியாது. ஐந்தரை மணியானால் சண்முகத்தாய் வாசலில் நின்று கிழக்கே பார்ப்பாள். முக்கில் அவன் தலை தெரிந்ததிலிருந்து வாசல்வரை அவன் நூற்றுப் பத்து எட்டு வைக்கவேண்டும். முதல் பத்து எட்டையும் அவள் ஒவ்வொன்றாக எண்ணுவாள். அதற்குள் அவன் வலப்பக்கம் திரும்பாமல் வந்துவிட்டால் மிச்சம் நூறு எட்டுக்கு மூச்சுவிடலாம்.

மாடக்கண்ணு கப்பலில் வின்ச்சு ஓட்டியவன். அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய்க் கப்பலில் ஏறி, மூட்டைகளைக் கம்பிக் கயிற்றில் தூக்கி இறக்குகிற எந்திரத்தின் கைப்பிடியைப் பிடிக்கவேண்டும். கீழே நிற்கிற பத்துப் பேர் தலை அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலையிலேயே குடித்துவிட்டு ஏறினான். கைப்பிடி ஒரு விரற்கடை கூடுதலாகச் சாய்ந்தது. எட்டு உர மூட்டைகள் ஒன்றாக இறங்கின. செந்தூர்பாண்டியின் வலது காலில் மூன்று விரல்கள் போயின.

செந்தூர்பாண்டி அவனோடு ஒரே தோணியில் பத்து வருஷம் போய்வந்தவன். விசாரிக்க வந்தவர்களிடம் கயிறு வழுக்கிவிட்டது என்று சொன்னான். எல்லாரும் அப்படியே சொன்னார்கள். ஆனால் அந்த வேலைக் கூட்டத்தின் மேஸ்திரி சங்கரலிங்கத்துக்கு மூக்கு இருந்தது. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாடக்கண்ணுவைத் தோணியில் ஏற்றவில்லை. கரையில் சரக்குக் கிட்டங்கி வாசலில் கிழிந்த சாக்குத் தைக்க உட்காரவைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் எட்டு நாள் குடித்தான். ஒன்பதாம் நாள் ஏரல் பக்கத்திலிருந்து சண்முகத்தாயின் அப்பாவும் தம்பியும் வந்தார்கள். வயலில் களையெடுப்பு நடக்கிற நேரம். போட்டது போட்டபடி வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். இனி ஒரு தடவை இவுக வாயில அந்த வாடை வந்தா, நான் ஏரலுக்கு வந்துருவேன், திரும்ப மாட்டேன். அப்பா தலையாட்டினார். மாடக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே அவள் தகரப்பெட்டியில் நாலு சேலையை மடித்துவைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மூன்று நாள் அவனுக்கு உடம்பு உதறியது. சுவரில் நண்டு ஏறுகிறது, தட்டிவிடு என்றான். அவள் விளக்குமாற்றால் வெறும் சுவரைத் தட்டினாள். நாலாம் நாள் கஞ்சி குடித்தான். ஐந்தாம் நாள் சாக்குத் தைக்கப் போனான். முதல் வாரம் கோணி ஊசி விரலெல்லாம் குத்தியிருந்தது. ராத்திரிச் சோறு போடும்போது அவள் அந்தக் குத்துகளை எண்ணுவாள். ஒன்பது. பதினொன்று. மாசியில் மூன்று நாலாகக் குறைந்தது. பங்குனியில் ஒரு நாள் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு அவள் சாளைமீன் வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தது. நாக்கு கேட்கிறபோதெல்லாம் அதைக் கடித்துக்கொள்வான். மாதம் நாலு கிலோ கருப்பட்டி ஆனது.

அவளுக்கு அவன் குடித்துவிடுவானோ என்ற பயம் ஒரு பக்கம். குடித்தால் சொன்ன சொல்லைச் செய்தாக வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். ஏரலில் தம்பி பெண்டாட்டி இருக்கிறாள். நாற்றுநட இன்னொரு கை கிடைத்தது என்று பார்ப்பாள். இவளோ கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பிள்ளை இல்லாதவள். போனால் போனதுதான். பெட்டியைக் கட்டிவைத்தது அவனைப் பயமுறுத்த. இப்போது கட்டிலில் படுத்தால் அவள் முதுகுக்குக் கீழேதான் அந்தப் பெட்டி உறுத்தியது.

சித்திரையில் நாடகப் பேச்சு வந்தது. வருஷா வருஷம் மே தினத்துக்குத் துறைமுகத் தொழிலாளர்கள் நாடகம் போடுவார்கள். எழுதுகிறவர் பராங்குசம் வாத்தியார். ஆழ்வார்திருநகரிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், நாமம் போட்டுக்கொண்டு மாலையில் இவர்கள் கொட்டகைக்கு வந்து, பீடிப்புகை தாங்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வசனம் சொல்லிக்கொடுப்பார். இந்த வருஷ நாடகம் 'தள்ளாடும் தாம்பத்தியம்'. குடிகாரன் ஒருவனும் அவன் பெண்டாட்டியும். முதல் பாதி சிரிப்பு, கடைசியில் அவன் குடியை விட்டுச் சபையைப் பார்த்துச் சத்தியம் பண்ணவேண்டும்.

குடிகாரன் வேஷத்துக்கு மாடக்கண்ணு என்று சொன்னது மேஸ்திரிதான். எல்லார் முன்னாலும் அவன் வாயால் சத்தியம் வரட்டும், அதுவரை சுத்தமாக இருந்தால் நாடகம் முடிந்த திங்கட்கிழமை வின்ச்சில் ஏற்றுகிறேன் என்று சொல்லியிருந்தார். மாடக்கண்ணு அவளைக் கேட்காமலே சரி என்று வந்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் ஒத்திகைக்கு அவள் தூக்குச்சட்டியில் காபி கொண்டுபோனாள். கொட்டகை வாசலுக்கு வரும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். பெண் வேஷத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து வருகிற பிளாரன்ஸ் அன்றைக்கு வந்திருக்கவில்லை. அவள் வசனத்தைச் செந்தூர்பாண்டி படித்துக்கொண்டிருந்தான். தோளில் துண்டைப் பெண்பிள்ளை மாதிரிப் போட்டு, நொண்டிக் காலோடு இடுப்பை ஒடித்து நின்று, "வாசப்படியில நின்னு ஊது, மச்சான். மணம் பாத்துத்தான் மணவாளன்" என்றான். மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். செந்தூர்பாண்டி தொப்பென்று மயங்கி விழுந்தான். முப்பது பேரும் உருண்டு சிரித்தார்கள்.

சண்முகத்தாய் தூக்குச்சட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்றைக்கு அவன் வந்து கீழ்ப்படியில் நின்றபோது அவள் நிலையைப் பிடிக்கவில்லை. உள்ளே அடுப்படியில் இருந்தாள். அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். கிருபை எதிர்வாசலிலிருந்து பார்த்தாள். கடைசியில் இவள்தான் எழுந்து வரவேண்டியிருந்தது.

"அதப் போயி வாத்தியாருட்டச் சொன்னியளா?"

"அவரு கேட்டாரு. குடிகாரன் வீட்டுல என்னென்ன நடக்கும், சொல்லுன்னாரு."

"சிரிக்காங்க."

"சிரிக்கட்டும்ளா." அவன் குரல் தாழ்ந்தது. "அவங்க சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயம் கொறையுது."

அவள் அதைப் புரிந்துகொண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஊதுங்க" என்றாள். அது நாடக வசனம் மாதிரிக் கேட்டது. அவன் ஊதினான். கருப்பட்டி வாடை.

அடுத்த வாரம் வேறொரு தொல்லை கிளம்பியது. நடை வரவில்லை. வசனமெல்லாம் மணி மணியாகச் சொல்கிறான். தள்ளாடு என்றால் மரக்கட்டை மாதிரி ஆடுகிறான். வாத்தியார் நடந்து காட்டினாராம். அவர் கோயில் பிராகாரத்தில் வழுக்கி விழப்போகிறவர் மாதிரி நடந்தாராம். ஏலே, நெசத்துக்கு நீ ஆடுனதுல கால்வாசி காணலியே, கடற்கரை ரோட்டையே அளந்தவனாச்சேடே என்று கூட்டத்தில் ஆளாளுக்குக் கேலி. இதை மாடக்கண்ணு சோறு தின்றுகொண்டே சிரித்துச் சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"நடை மறந்துபோச்சு. நெனச்சுப் பாத்தாத்தான் வருது. நெனச்சா வாயில தண்ணி ஊறுது, சம்முவம்."

அவள் கையிலிருந்த அகப்பை குழம்புக்குள் போய்விட்டது. அதை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். வேஷம் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றாள். சொன்னால் மேஸ்திரி என்ன நினைப்பார் என்றான் அவன். அதுவும் சரிதான். வின்ச்சு போய்விடும். சாக்குத் தைத்தே ஆயுள் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூர்பாண்டி சாப்பிட வந்தான். விரல் போனபிறகு மாதம் ஒரு ஞாயிறு அவனைக் கூப்பிட்டுச் சோறு போடுவது அவள் வைத்துக்கொண்ட முறை. அவன் காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்து தின்பான். அந்தக் காலைப் பார்க்காமல் பரிமாற அவள் பழகியிருந்தாள். அன்றைக்குப் பேச்சு நாடகத்தைப் பற்றியே போயிற்று.

"ஒரு சொட்டு உள்ள போனா நடை தன்னால வந்துரும். மருந்து மாதிரி. அன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்றான் செந்தூர்பாண்டி.

மாடக்கண்ணு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்முகத்தாய் சோற்றுப் பானையோடு நின்றுவிட்டாள்.

"சும்மா சொன்னேன், தங்கச்சி. அவன் நல்லா நடிச்சுப் பேர் வாங்கணும்லா. திங்கக்கிழம நான் கீழ நிக்கணும், அவன் மேல உக்காந்து இறக்கணும். எனக்கு இருக்காதா ஆசை?"

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை நடுக்கியது. கெடுக்க நினைக்கிறவனை வாசலில் தடுத்துவிடலாம். இவன் இலையில் மோர் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அப்போதே அவள் ஒரு முடிவு செய்தாள். நாடகத்தில் வருகிற சாராயப் பாட்டிலை அவளே நிரப்புவாள். அவளே கையில் வைத்திருப்பாள். மேடை ஏறுகிற நிமிஷம்வரை வேறொரு கை அதைத் தொடக்கூடாது.

அந்த வருஷம் மின்வெட்டு. ராத்திரி நாடகத்துக்கு வெளிச்சம் கிடைக்காது என்று பகல் நாலு மணிக்கே வைத்தார்கள். கொட்டகை மைதானத்தில் தார்ப் பீப்பாய்களை நிறுத்தி மேலே பலகை பரப்பி மேடை. மைக்குக்கு லாரி பேட்டரி. ஐந்நூறு பேர் வெயிலில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு மேஸ்திரி சங்கரலிங்கம். மேடைக்கும் அவருக்கும் நடுவே ஐந்தடிகூட இல்லை.

சண்முகத்தாய் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, காலையிலிருந்து மடியில் வைத்திருந்தாள். மத்தியானச் சோற்றையும் பாட்டிலை மடியில் வைத்தபடியே தின்றாள். அவன் குடியை விட்டு அன்றைக்கு நூற்று மூன்றாவது நாள்.

பிளாரன்ஸ் படுதாவுக்குப் பின்னால் ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வேர்வையில் பூசப்பூசப் பவுடர் வழிந்தது. ஜில்லாவில் எந்த ஊரில் குடிகாரன் பெண்டாட்டி வேஷம் வந்தாலும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றும், இது முப்பத்தெட்டாவது குடிகாரன் என்றும் சொன்னாள். அதில் மூன்று பேர் மேடையிலேயே தன்மேல் வாந்தியெடுத்தவர்கள் என்றாள். ஒம் புருசன் பரவாயில்ல, ஒத்திகையில கருப்பட்டியா மணக்காரு.

பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு இவளைப் பார்த்தாள். "ஊதுங்குறியே, நெசத்துல எப்படிம்மா சொல்லுவே? வாத்தியாரு எழுதுனது எனக்கு ஒட்டல."

"சொல்ல மாட்டேன் அக்கா. நிலையப் புடிச்சிட்டு நிப்பேன். அவுகளே ஊதுவாக."

பிளாரன்ஸ் பஞ்சைப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். "அது நாடகத்துக்கு ஆவாது. பின்னால இருக்கவனுக்குக் கேக்காது" என்றாள். குரல் மட்டும் மாறியிருந்தது.

நாடகம் தொடங்கியது. சண்முகத்தாய் பக்கப்படுதாவின் ஓரத்தில் நின்றாள். பாட்டில் காட்சி வந்தபோது தன் கையாலேயே பிளாரன்ஸிடம் கொடுத்தாள். பிளாரன்ஸ் கொண்டுபோய் மேடையில் வைத்தாள். மாடக்கண்ணு எடுத்துக் கவிழ்த்தான். சீரகத் தண்ணீர் தாடையில் வழிந்தது. நடை மரக்கட்டையாகத்தான் இருந்தது. "ஏலே, தண்ணி பத்தலடே" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். சிரிப்பு. காலிப் பாட்டிலை அவன் உருட்டிவிட்டான். அது உருண்டு அவள் காலடிக்கே வந்தது. எடுத்து முகர்ந்தாள். சீரகம். முடிந்தது என்று நினைத்தாள்.

ஒன்றை அவள் மறந்திருந்தாள். நாடகத்துக்கு நடுவே வேண்டியவர்கள் மேடையேறி மாலை போடுவது அங்கே வழக்கம். மாலை போட்டுக் கையில் சோடாவோ, கலர் என்கிற இனிப்புச் சோடாவோ கொடுப்பார்கள். நடிகன் அதை ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். மிச்சம் வைத்தால் கொடுத்தவனை மதிக்கவில்லை என்று ஆகும். ஒவ்வொரு வருஷமும் பார்ப்பதுதான். பாட்டிலையே நினைத்துக்கொண்டிருந்ததில் அது அவள் நினைவுக்கு வரவில்லை.

செந்தூர்பாண்டி நொண்டி நொண்டி மேடையேறினான். சம்பங்கி மாலை. மறு கையில் கண்ணாடித் தம்ளர் நிறைய ஆரஞ்சு கலர். மாலையைப் போட்டான். கூட்டம் கைதட்டியது. தம்ளரைக் கொடுத்துவிட்டு, மாடக்கண்ணுவின் காதில் என்னவோ சொல்லி, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினான்.

மாடக்கண்ணு தம்ளரை முகத்துக்கு உயர்த்தினான். பாதியில் கை நின்றது.

மூக்குத் துவாரம் விரிந்ததை அவள் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. பிறகு கை உதறத் தொடங்கியது. தை மாதம் நண்டு ஏறுகிறது என்று சொன்னபோது உதறிய அந்தக் கை. தம்ளரின் விளிம்பில் கலர் குலுங்கியது. முழங்கால் இரண்டும் வளைந்தன. ஒத்திகையில் ஒரு நாளும் வராத நடை அந்த இடத்தில், நின்றபடியே, அவன் காலில் வந்து ஏறியது. கூட்டம் எழுந்து ஆரவாரம் செய்தது. அடிச்சாம்டே, இதுதாம்டே நடிப்பு. வாத்தியார் படுதாவுக்குப் பின்னாலிருந்து அடுத்த வசனத்தை இரண்டு தடவை எடுத்துக்கொடுத்தார். அவன் காதில் எதுவும் விழவில்லை. அவன் அவளைத் தேடவும் இல்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்முகத்தாய் மேடையில் நடந்துகொண்டிருந்தாள். எப்போது படுதாவை விட்டு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. வெளுத்துப்போன வீட்டுச் சேலை. எதிரே ஐந்நூறு முகங்கள். அவற்றை அவள் பார்க்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தம்ளரை வாங்கினாள். வாங்கினபோதே வாடை வந்தது. கலரில் பாதி சாராயம்.

கொட்டிவிடலாம். கொட்டினால் என்ன ஆகும் என்று இரண்டு வருஷம் தரை கழுவியவளுக்குத் தெரியும். பலகையில் சிந்தினால் நாள் முழுக்க மணக்கும். ஐந்தடிக்குள் மேஸ்திரி. அவர் மூக்குக்கு அது யார் கொடுத்தது என்று தெரியாது. யார் மேடையில் நிற்கிறான் என்றுதான் தெரியும். உள்ளே எடுத்துக்கொண்டு போகலாம். கொடுத்ததைக் குடிக்கவில்லையே என்று கூட்டம் கத்தும். எதற்கென்று கேள்வி வரும். வாடை வெளியே வராமல் அதை வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

அவள் குடித்தாள். முதல் மடக்கு தொண்டையைக் கிழித்தது. நிறுத்தினால் திரும்பி வந்துவிடும் என்று நிறுத்தாமல் குடித்தாள். கண்ணில் நீர் கட்டியது. முடிந்ததும், வழக்கப்படி, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

பிளாரன்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பத்தெட்டுக் குடிகாரர்களைப் பார்த்தவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இடுப்பில் கைவைத்து மைக்குக்கு நேராகத் திரும்பினாள்.

"ஏளா பக்கத்து வீட்டுக்காரி, எம் புருசன் கலரக் குடிச்சிட்டியே, ஒம் புருசன் கலர யாரு குடிக்கா?"

மைதானம் வெடித்துச் சிரித்தது. மேஸ்திரி நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்குள் பிளாரன்ஸ் அவள் தோளைப் பிடித்து மெதுவாகப் படுதாவுக்குள் தள்ளிவிட்டாள்.

மிச்ச நாடகத்தை அவள் பார்க்கவில்லை. ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் அடுப்பு எரிந்தது. காதுக்குள் கடல் சத்தம். மாடக்கண்ணுவின் குரல் மைக்கில் கேட்டது. நடுங்கிக்கொண்டு தொடங்கி, பிறகு நின்று, வாத்தியார் எழுதிய நீளச் சத்தியத்தில் பாதியை விட்டுவிட்டு, இனி தொடமாட்டேன் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னது. கைதட்டல் கேட்டது.

செந்தூர்பாண்டி பின்பக்கமாக வந்து அவள் எதிரே நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அரைக் கிளாசுதான் தங்கச்சி, நடை வரணுமேன்னு" என்று தொடங்கினான். அவளால் பதில் சொல்லமுடியாது. வாயைத் திறந்தால் வாடை வரும். பின்னாலேயே மேஸ்திரி வந்துகொண்டிருந்தார். வாயைப் பொத்தியபடியே அவனைப் பார்த்தாள். அவன் தன் நொண்டிக் காலைப் பார்த்தான். பிறகு அவளுக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் வந்து, முதுகைக் காட்டி, நந்தி மாதிரி நின்றுகொண்டான்.

மேஸ்திரி மாடக்கண்ணுவின் முகத்துக்குக் கிட்டே போய்ப் பேசினார். வேண்டுமென்றேதான் கிட்டே போனார். சீரகமும் கருப்பட்டியும்தான் வந்திருக்கும். திங்கக்கிழம ஆறு மணிக்குத் தோணித்துறைக்கு வந்துரு என்றார். "ஒம் பொண்டாட்டிக்குக் கூச்சம்னு சொன்னாங்க. நல்லாத்தான் நடிச்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும்போது பொழுது இறங்கியிருந்தது. கடலிலிருந்து காற்று அடித்தது. மாடக்கண்ணு இருபது எட்டு முன்னால் நடந்தான். அவள் வேகமாக வந்தால் அவனும் வேகமாக நடந்தான். சபையில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கோபம் போல என்று நினைத்தாள். தலை லேசாகச் சுற்றியது. சாராயக்கடை முக்கு வந்தது. மே தினமென்று கடையில் நல்ல கூட்டம். அவளுக்கு அன்றைக்குப் பத்து எட்டும் எண்ணத் தோன்றவில்லை. எண்ண மறந்ததை வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் உணர்ந்தாள்.

அவன் செருப்பைக் கழற்றிக் கீழ்ப்படியில் நின்றிருந்தான். அவள் பூட்டைத் திறந்து மேல்படியில் ஏறி நிலையைப் பிடித்தாள். அவன் ஊதினான். கருப்பட்டி. அவள் விலகி வழிவிட்டாள்.

அவன் ஏறவில்லை.

"வாங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லோடு அவள் மூச்சு அவன் முகத்தில் பட்டது. அவன் சட்டென்று இரண்டு அடி பின்னால் போனான். கை மறுபடி உதறிற்று. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

"பேசாத, சம்முவம். ஒன் வாயில அது வருது. வழியெல்லாம் காத்துல வந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு."

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். அவன் கண்களை அவள் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறாள், கண்ணாடியில், தினமும் ஐந்தரை மணிக்கு வாசலுக்குப் போகுமுன்.

உள்ளே போய் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். புளியைக் கரைத்துக் கொப்பளித்தாள். கொத்தமல்லியை மென்று துப்பினாள். சாம்பலால் பல் தேய்த்தாள். விளக்கை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். எதிர்வீட்டுக் கிருபை வாசலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று சண்முகத்தாய் விட்டுவிட்டாள்.

மாடக்கண்ணு கிட்டே வந்தான். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, "ஊது" என்றான். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

அவள் குனிந்து ஊதினாள்.

"இன்னும் இருக்கு."

மறுபடி உள்ளே போனாள். உப்பு, புளி, கொத்தமல்லி. மறுபடி வந்தாள்.

"இன்னும் இருக்கு" என்றான். ஓர் எட்டு விலகினான். கொஞ்சம் நின்று, இன்னும் ஓர் எட்டு.

அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்து அவன் காலைப் பார்த்தாள். கிழக்கே கடைப் பக்கமாக அல்ல, மேற்கே, குழாயடிப் பக்கமாகத்தான் வைத்துக்கொண்டிருந்தான். விளக்கைப் படியிலேயே வைத்துவிட்டு, மூன்றாம் தடவை கொப்பளிக்க உள்ளே போனாள்.